கால் சாயாத ர

பத்திரம் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, பெரியப்பா அதன் ஒரு மூலையில் நெல் அளக்கிற மரக்காலையும் எதிர்மூலையில் தன் பொடி டப்பாவையும் வைத்திருந்தார். பழுப்பேறிய தாள். மடித்த இடமெல்லாம் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாக அந்தப் பக்கம் தெரியும். பெரியப்பா என்பது என் அப்பாவின் அண்ணன். கையெழுத்துப் போடுவதற்கு மேல் அவருக்கும் எழுத்து தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மூன்றாம் வகுப்பு. ஒன்பது வயது. கூடத்தில் உட்கார்ந்திருந்த, எங்களைப் போலவே எழுத்து தெரியாத சொந்தக்காரப் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, "படிம்மா, ஒரு எழுத்து விடாமப் படி" என்றார் பெரியப்பா. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்ததும் அது நின்றது. அரைத்துக்கொண்டிருந்தது என் அக்கா.

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் சில வீடுகளுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் உண்டு. எங்களுக்கு மாவேலியார். மா என்றாலும் வேலி என்றாலும் தஞ்சாவூரில் நிலக்கணக்கு. எங்கள் பட்டத்துக்குள்ளேயே நிலம் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் தலை நிமிர்ந்து சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே பட்டம் என்றால் ஒரே ரத்தம், பங்காளி. எத்தனை தலைமுறைக்கு முன்னால் பிரிந்து போயிருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், அந்த வீட்டு ஆண் இந்த வீட்டுப் பெண்ணுக்கு அண்ணன் முறை. கட்டிக்கொடுக்கக் கூடாது. அப்படிக் கட்டிக்கொடுத்தால் அந்தக் குடும்பத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடை ஊர்க்காரர். அவர்கள் பட்டம் மரவேலியார். பெண் பார்க்க வந்த அன்று அவர் தண்ணீர் கேட்டார். அக்கா சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எங்க ஊருக்கு வர்றதுக்குள்ள இந்தத் தண்ணியை நீங்களே குடிச்சிடுறீங்க, அதான் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அங்கே சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். இருக்கிறது.

பரிசம் போட நாள் குறித்த பிறகு யாரோ பெரியப்பாவின் காதில் ஒரு சந்தேகத்தைப் போட்டார்கள். அவர்கள் உண்மையில் மாவேலியார்தானாம், பஞ்சகாலத்தில் இங்கிருந்து போனவர்களாம், போன இடத்தில் பட்டம் வாய் திரிந்து மரவேலியார் ஆகிவிட்டதாம். பெரியப்பா கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. அண்ணன் தங்கைக்குத் தாலி கட்டிவைத்த பாவம் வந்து சேருமோ என்கிற பயம். கடைமடை ஊரில் நிலம் வாங்கியிருந்த ஒரு உறவுக்காரரிடம் இரவல் கேட்டு அந்தப் பழைய பத்திரத்தை வாங்கிவந்தார். மாப்பிள்ளையின் பாட்டனாருடைய வயல் அதில் எல்லையாக வருகிறது, அதில் பட்டம் எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு என்றார். "வாத்தியாரைக் கூப்பிட்டுப் படிச்சுப் பாத்துடலாமே" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "வெளியாளு படிச்சா பொழுது விடியறதுக்குள்ள ஊரு பூராப் பேசும். நம்ம வீட்டுப் புள்ள படிக்கட்டும்" என்றார் பெரியப்பா.

எங்கள் வாத்தியார் எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது பிரம்பால் மணலில் தட்டித் தட்டிச் சொல்வார். துணைக்கால் நேராக நிற்கும், ர-வுக்கு அடியில் ஒரு கால் சாய்ந்திருக்கும், சாயாவிட்டால் அது ர இல்லை. அந்த ஒரு விதியை நான் முந்தானையில் முடிந்த காசு மாதிரி வைத்திருந்தேன். பத்திரத்தில் அந்த இடம் வந்தது. ம. அதன் பக்கத்தில் நேராக ஒரு கோடு. அடியில் சாய்வு ஏதுமில்லை. அதற்குப் பிறகு வேலியார்.

"மாவேலியார் நஞ்சைக்குக் கிழக்கு" என்று உரக்கப் படித்தேன்.

"இன்னொருக்கப் படிம்மா" என்றார் அப்பா. இன்னும் உரக்கப் படித்தேன். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஆயுளில் அத்தனை ஆண்கள் நான் பேசி முடிக்கிறவரை காத்திருந்தது அந்த ஒரு நாள்தான். அந்த மிதப்பில் மேலே படித்துக்கொண்டே போனேன். அடுத்த வரியில் ஓரிடத்தில் நாக்குத் தடுக்கியது. சமாளித்துக்கொண்டு போய்விட்டேன். பெரியப்பா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மி மறுபடி ஓடவில்லை. அன்றைக்குக் குழம்பில்லாமல் மோர்ச்சோறுதான் சாப்பிட்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து முறையிட்டார்கள். "நாங்க மரவேலிங்க. மரத்தால வேலி போட்டுக் குடியிருந்த வம்சம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டு இல்லீங்க" என்று அவருடைய அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "மரத்துல வேலி கட்டுனவனுக்கெல்லாமா பட்டம் குடுத்தான் ராசா? பத்திரம் பேசுதுங்க. இனிமே நம்ம பங்காளிங்க. நல்லது கெட்டதுக்கு வாங்க, போங்க" என்று சொல்லி அவர்களுக்கு இலை போட்டார் பெரியப்பா. அவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரிய வீடு பங்காளி என்று சொல்லிக் கூப்பிடும்போது எத்தனை நேரம் மறுப்பார்கள்?

அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது. "பத்திரமே படிக்குது, இதுக்கு மேல என்னத்தப் படிக்கணும்?" என்று பெரியப்பா சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அக்காவைத் திருவிடைமருதூர் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். பரிசம் வரைக்கும் வந்து நின்றுபோன பெண்ணுக்கு அதற்கு மேல் இடம் வரவில்லை. அவர் நாலு வருஷத்தில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. துக்க வீட்டில் தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். எங்கள் வழக்கப்படி அண்ணன் தம்பி கையால் போட வேண்டும். என் தம்பி அப்போது அரைஞாண் கயிற்றோடு ஓடுகிற பிள்ளை. பெரியப்பாவுக்கு எல்லாம் பெண்கள். "பங்காளி வீட்டுல மூத்த புள்ள இருக்கையில என்ன யோசனை? அவன் போடட்டும்" என்றார் அவர்.

அவர் வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தவர். அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தை இருந்தது. பச்சைக் கரை போட்ட சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அக்காவின் தோளில் போட்டார். போட்ட கை எடுக்க வராமல் அங்கேயே நின்றது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கண்ணன் போட்ட கோடி. பாத்துக்குங்க எல்லாரும்" என்றாள். பெண்கள் இன்னும் உரக்க ஒப்பாரி வைத்தார்கள். அவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனார். சாப்பிடவில்லை.

அந்தச் சேலையை அக்கா ஒரு நாளும் கட்டவில்லை. அவள் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மடிப்பிலேயே இற்றுப்போயிருந்தது.

துக்கம் முடிந்ததும் அக்கா பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். நடவு, களை, அறுப்பு என்று எங்கள் வயலிலேயே ஆள்களோடு ஆளாக இறங்குவாள். எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் கூப்பிடு தூரம்தான், களை எடுக்கிற நாளில் நானும் வருவேன். ஒருநாள் வரப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஏன்டி, ர எப்படி இருக்கும், கால் எப்படி இருக்கும்? எழுதிக் காட்டு" என்றாள். அவளுக்கு எழுத்தே தெரியாது. நான் வரப்புச் சேற்றில் களைக்கொட்டு முனையால் இரண்டையும் எழுதினேன். அக்கா குனிந்து, கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டம்தானடி இருக்கு."

"கண்ணு இருக்கறவளுக்குத் தெரியும். இதுக்கு அடியில சாஞ்சிருக்கு பாரு."

"நீ படிச்ச பத்திரத்துல சாஞ்சிருந்துச்சா?"

"சாயல."

"நல்லாப் பாத்தியா?"

"பின்ன? எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறியா?"

அக்கா கலயத்தைக் கையில் எடுத்தாள். அதில் மிச்சம் இருந்த கஞ்சித் தண்ணீரை இரண்டு எழுத்தின் மேலும் ஊற்றிவிட்டு வயலில் இறங்கினாள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நான் சொன்னது பொய் இல்லை. சாயவில்லைதான்.

அக்கா போய் மூன்றாம் வருஷம் என் தம்பி மகன் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். நாற்பது வயது ஆகப் போகிறது, சும்மா இருக்க முடியவில்லை. மாவேலியார் வம்சத்தையே தேடி எடுத்து மரமாகப் போடப் போகிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பட்டா, சிட்டா, வில்லங்கம், வாக்காளர் பட்டியல் எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். பட்டத்தை அடித்துத் தட்டினால் ஊர் ஊராக வரும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, துபாயிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தான். செத்தவர்கள் பெயர் கேட்க என்னிடம் வருவான். எனக்கும் பெருமைதான். பாட்டன், பூட்டன், அவர்களுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் என்று எல்லோரையும் சொன்னேன். பெண்கள் பெயரை ரோஸ் கலர் கட்டத்தில் போட்டான். கட்டத்துக்குக் கீழே கோடு போகவில்லை. "நாங்கல்லாம் அந்தரத்துலயே நிக்கிறோமாடா?" என்று கேட்டேன். "சாப்ட்வேர் அப்படி அத்தை" என்றான்.

ஒரு நாள் முழுப் படத்தையும் காட்டினான். அதில் அக்காவின் கட்டம் இருந்தது. அதே வரிசையில், ஒரே பூட்டனிடமிருந்து இறங்குகிற கோட்டில், அவர் பெயர் இருந்தது. அண்ணன், தங்கை.

"இவங்களை எதை வச்சு இங்க சேத்த?"

"கதைதான் தெரியுமே அத்தை. பெரியத்தைக்குக் கல்யாணம் நின்னதே இதனாலதானே. ஆதாரமும் இருக்கு. பழைய பத்திரத்துக்கு நெட்டுலயே நகல் போட்டு எடுத்துட்டேன். பாருங்க." ஒரு தாளைத் திரையில் விரித்தான்.

அதே பத்திரம். மரக்கால் இல்லை, பொடி டப்பா இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "பெருசாக்கு" என்றேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். எழுத்து ஒவ்வொன்றும் கட்டை விரல் அளவுக்கு வந்தது. ம, பக்கத்தில் நேர்க்கோடு, வேலியார். சாய்வு இல்லை. "அதான் தெளிவா இருக்கே அத்தை, மா" என்றான் அவன். காலேஜ் படித்தவன். அவனும் மா என்றுதான் படித்தான்.

"கீழ் வரியைக் காட்டு."

கீழ் வரியில் எல்லையைச் சொல்லியிருந்தது. புளிய, பிறகு ம, பக்கத்தில் அதே நேர்க்கோடு, த்துக்குத் தெற்கு. "இது என்ன?" என்று கேட்டேன்.

"புளியமரத்துக்குத் தெற்கு."

"மரம்னு எப்படிச் சொல்ற? கால் சாயலையே. புளிய மாத்துக்குத் தெற்குன்னு படிக்க வேண்டியதுதானே?"

அவன் என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். எழுதியவர் அந்தத் தாள் முழுக்க எந்த ர-வுக்கும் காலைச் சாய்க்கவில்லை. அவர் கை அப்படி. கிராமம் என்பதிலும் இல்லை, சரகம் என்பதிலும் இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அப்புறம், "மரவேலியார்னு அடிச்சுத் தேடிப் பாரு" என்றேன். அவன் அது வரைக்கும் அப்படித் தேடியதே இல்லை. அடித்தான். திரை நிறைய வந்தது. கடைமடைப் பக்கத்து ஊர்களாக வந்துகொண்டே இருந்தது. பட்டாவில், பத்திரத்தில், எல்லாம் இப்போதைய தட்டச்சில், ஒவ்வொரு ர-வும் காலைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் அவர்களாகவே இருந்திருக்கிறார்கள். எங்கள் பங்காளி என்று நாங்கள்தான் அவர்களைப் பிடித்து உட்காரவைத்தோம்.

அன்றைக்குத் தடுக்கிய இடம் எது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. புளியமரத்தில்தான் தடுக்கினேன். கால் சாயாத ஒரு கோடு, ஆனால் மரம். ஒன்பது வயதில் எனக்குப் புளியமரம் தெரியும், அதனால் திருத்திக்கொண்டேன். ஒரு வரி முன்னால் போய் அங்கேயும் திருத்தியிருக்க வேண்டும். கண்ணில் படவில்லையா என்று கேட்டால், பட்டது. இரண்டு முறை உரக்கப் படித்துவிட்ட பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், தப்பாகப் படித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மரத்துக்குக் காட்டிய கருணையை என் கூடப் பிறந்தவளுக்குக் காட்டவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாக்கில் கட்டித் தொங்கவிட்டார்களே, அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களும், அவர்களை நான் மன்னிக்கவில்லை. அவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பாவம் என்று ஒன்று வரும் என்று பயந்தார்கள். வந்தது என்று தெரியாமலே செத்துப்போனார்கள்.

"அவங்களை எடுத்துடு" என்றேன். "அக்கா பக்கத்துல அவரு அண்ணன்னு நிக்கக் கூடாது."

தம்பி மகன் தலையைச் சொறிந்தான். "ஃபிளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு அத்தை. குலதெய்வம் கோயில்ல படையல், எல்லாரும் வர்றாங்க. அவரு மகன், அந்த வீட்டு அண்ணன்தான் பந்தல் செலவே ஏத்துக்கிட்டாரு. ஒரு எழுத்து அத்தை. ரெண்டு பேருமே உசுரோட இல்ல. இப்ப யாருக்கு என்ன போச்சு?"

யாருக்கு என்ன போச்சு என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் புரிகிற வயதுதான். புரிந்துகொண்டு என்ன செய்வான்?

படையலன்று கோயில் வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் மாவேலியார் வம்சம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு பெண் வருகிறவர்கள் பெயரை மார்க்கரால் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "அதைக் கொஞ்சம் குடும்மா" என்று வாங்கிக்கொண்டேன். கூட்டம் படையலைப் பார்க்கப் போனதும் ஃபிளெக்ஸுக்குக் கிட்டே போய், அவர் பெயரைக் கண்டுபிடித்தேன். என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. பெயருக்குப் பின்னால் மாவேலியார் என்று இருந்ததில், மா-வின் காலுக்கு அடியில் ஒரு சாய்ந்த கோடு இழுத்தேன். நகத்தளவுதான். மாவேலியார் மரவேலியார் ஆகிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் நின்ற கோடு ஒரு நொடியில் சாய்ந்தது.

பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அவருடைய மகன். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவன், இப்போது தலை நரைத்திருந்தது. அவனுக்கு அப்பாவின் வாய்.

"ஒதுங்குங்க அத்தை, அப்பா பேருல மை பட்டிருக்கு" என்று தோளில் கிடந்த துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். ஈரம் காயாத மை. இரண்டு தேய்ப்பில் போய்விட்டது.

"அது அழுக்கு இல்ல தம்பி."

"இருக்கட்டும் அத்தை, துடைச்சாச்சு."

"நான் உனக்கு அத்தை இல்ல."

எங்கள் அக்காவுக்கு அவர் வாய்த்திருந்தால் இவன் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டிருப்பான். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தான் அவன். "கோவமா? முதப் பந்தியில உக்கார வைக்கலன்னா? வாங்க, நானே இலை போடுறேன்" என்றான். அப்பாவைப் போலவே, எதையும் சிரிப்பாக்கத் தெரிந்தவன். போய் உட்கார்ந்தேன். அவன் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அந்தப் படம் இப்போது நெட்டில் இருக்கிறது. நூறு வருஷம் ஆனாலும் அழியாது என்று தம்பி மகன் சொல்கிறான். நாளைக்கு யாராவது தேடினால் அண்ணன் தங்கை என்றுதான் காட்டும். பத்திரம் பேசுது என்றார் பெரியப்பா. இனிமேல் கம்ப்யூட்டரும் பேசும். எனக்குத் தெரிந்த மூன்றாம் வகுப்பு எழுத்தை வைத்து, நாளொன்றுக்கு ஒரு பக்கமாக, இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு ர வரும்போதும் நிறுத்தி, அடியில் காலைச் சாய்த்துவிட்டுத்தான் மேலே போனேன். தாள் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அதே மரக்காலை வைத்திருக்கிறேன். படிக்கச் சொல்லிக் கேட்க, நான் உட்கார்ந்து எழுதிய இந்தப் பிறந்த வீட்டுக் கூடத்தில் இப்போது யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாலும் யாரும் இல்லை.